பிற கோள்களில் உயிருண்டோ என்னும் வினாவும் சைவாசிரியர் கடனும்

இப்பூமியை யொழிந்த பிற கோள்களில் உயிர்கள் உளவோ இலவோ என்னும் வினா விஞ்ஞானிகளுக்கே உரியது, சமயபாடம் நடத்தும் ஆசிரியருக்கு அதனால் ஆவதென்னை எனச் சிலர் கருதுவர். வகுப்பறையில் நின்று பழகியவர் அங்ஙனங் கருதார். 84 நூறாயிரம் யோனிபேதம் என்று கரும்பலகையில் எழுதுந்தோறும், அவற்றுள் எத்தனை செவ்வாயில் உண்டென்று ஒரு மாணாக்கனாவது கேளாதிரான். அவ்வினாவுக்கு விடை அறியாமை ஆசிரியர்க்குக் குற்றமாகாது. அறியாததனை அறிந்தார்போற் கூறுதல் குற்றமாம். அக்குற்றத்தை யான் ஒருமுறை செய்தேன். ஆதலின் அதனை முதலில் மறையாது கூறி, பின்னர் நமது அளவைநூன் முறையால் இவ்வினாவை ஆராயப் புகுகின்றேன்.

2012ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 29ஆந் திகதி, பொலநறுவை மாவட்டத்து அரலகங்வில என்னும் ஊர்ப்புறத்தில் வானத்தினின்றுங் கற்கள் வீழ்ந்தன என்று சொல்லப்பட்டது. கொழும்பிற் பிறந்து பிரித்தானியாவிற் பேராசிரியராய் விளங்கியவரும், பிரெட் ஹொயில் என்னும் வானநூலறிஞரோடு கூடி, உயிர் விண்வெளியினின்றே பூமிக்கு வந்தது என்னுங் கொள்கையை நெடுங்காலம் வலியுறுத்தி வந்தவருமாகிய சந்திரா விக்கிரமசிங்க அவர்கள், தம்மோடாய்ந்தார் சிலருடன் 2013 சனவரியில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அக்கற்களுள் டயற்றம் என்னும் நுண்பாசியின் சுவடுகள் காணப்படுகின்றன. ஆதலின் பூமிக்குப் புறத்தே உயிருண்டு என்பது அக்கட்டுரையின் துணிபு. பத்திரிகைகள் இதனைப் பெரிய எழுத்தில் அச்சிட்டன.

அந்நாளில் யான் கிளிநொச்சி மாவட்டத்துப் பாடசாலை யொன்றிற் படிப்பித்து வந்தேன். மீள்குடியேறிய சனங்களின் பிள்ளைகள், தகரக்கூரைக் கொட்டகை, பிள்ளைகளுக்குப் பெருமைப்பட ஒரு சொல்லேனுஞ் சொல்லல் வேண்டும் என்னும் ஆசை எனக்கு மிகுதியாயிருந்தது. காலைப் பிரார்த்தனை முடிவில் எழுந்து, மேனாட்டார் இன்று கண்டதை மாணிக்கவாசக சுவாமிகள் அன்றே அருளிச்செய்தனர் என்றும், திருவண்டப்பகுதி மெய்யென்பதற்கு நமது இலங்கையில் வீழ்ந்த கல்லே சான்றாயிற்று என்றும் முழங்கினேன். பிள்ளைகள் கைகொட்டினர். உடனாசிரியர்களும் மெச்சினர்.

சில நாட்களுள் மறுப்பு வந்தது. அச்சுவடுகள் இக்காலத்து நன்னீர்நிலைகளில் வாழும் டயற்ற இனங்களையே ஒத்துள்ளன. கல் நிலத்திற் கிடந்தபோது நீர்வழியாக அவை புகுந்திருத்தல் கூடும். அக்கல் விண்கல் என்பதே இன்னும் நிறுவப்படவில்லை எனத் துறைவல்லார் பலர் எடுத்துக் காட்டினர். அம்மறுப்பே இன்றுவரை பெரும்பாலார்க்கு உடன்பாடு. அச்செய்தி வெளிவந்த பத்திரிகைத் துண்டைக் கையிற் கொண்டு பத்தாம் வகுப்பு மாணவி யொருத்தி என் மேசையண்டை வந்து நின்றாள். அவள் வினாவை அவள் சொற்களிலேயே தருகின்றேன்: “சேர், அந்தக் கல்லு பொய்யெண்டால் திருவாசகமும் பொய்யோ?”

அவள் குறும்பாகக் கேட்டிலள். யான் கூறிய நியாயத்தையே இறுதிவரை நடத்திச் சென்றாள். கல்லின் மெய்ம்மையால் நூலின் மெய்ம்மை நிலைபெறும் என்று சொன்னவன் யான். கல்லின் பொய்ம்மையால் நூல் பொய்யாதலை யான் எவ்வாறு தடுப்பது? அன்றைக்கு என் வாயில் விடையில்லை.

இந்நியாயம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதியதன்று. அதனை நம்மேல் முதலில் எறிந்தவர் அமெரிக்கப் பாதிரிமார். 1829ஆம் ஆண்டு மார்ச் மாதத்துச் சந்திரகிரகணம் பற்றி அராலி விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கம் ஒரு கணக்குக் கூறியது. வட்டுக்கோட்டைச் செமினறியின் அதிபர் டானியல் பூவர் பாதிரியார் அதிற் பிழைகாட்டி வேறொரு கணக்குக் கூறினார். கிரகணம் பாதிரியார் கணக்கையே ஒத்து நிகழ்ந்தது. கணிதத்திற் பிழை நேர்ந்தது, திருத்திக்கொள்ளற்பாலது. இவ்வளவே அதனாற் பெறப்படும். ஆயின், பஞ்சாங்கம் வழுவிற்று, ஆதலின் பஞ்சாங்கத்தைக் கைக்கொண்டொழுகும் சமயமும் வழுவுடைத்து என்று பிரசங்கிமார் அதனை விரித்தனர். 1848இல் ஹொய்சிங்டன் பாதிரியார் வெளியிட்ட வானநூலும் சோதிட கணிதத்தை அளந்து காட்டும் நோக்கத்தோடு வந்ததே. அதே 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்த நாவலர் பெருமான், தாமும் மிஷன் பாடசாலையிற் பயின்று அங்கேயே பயிற்றியவர். அம்மேற்கல்வியை அவர் வெறுத்திலர். அக்கல்வியினின்று சமயத்துக்குப் பாயும் முறையற்ற பாய்ச்சலையே வெறுத்தனர் என்பது என் கருத்து.

இனி என் காலைப் பிரசங்கத்தைப் பாருங்கள். கிரகணக் கணக்கால் உங்கள் சமயம் பொய் என்றார் அவர். விண்கல்லால் எங்கள் சமயம் மெய் என்றேன் யான். வடிவம் ஒன்றே, முடிபு மாத்திரம் மறுதலை. மிஷன் பாடசாலையிற் பயின்ற எனக்கு அந்நியாயம் எலும்பிலூறியிருந்தது போலும். மேடைகளில் விமானமும் அணுவும் நம் நூல்களிற் காட்டி மகிழும் அன்பர் பலரும், தம்மையறியாது அப்பாதிரியாரின் மாணாக்கராகவே நிற்கின்றனர்.

அற்றேல், பல அண்டங்கள் உண்டென நம் நூல்கள் கூறவில்லையோ எனின், கூறின. திருவண்டப்பகுதி நூறுகோடிக்கும் மேற்பட்ட அண்டங்களைச் சொல்வது உண்மையே. ஆயின் அதன் நோக்கம் அண்டத்தொகை கூறுதலன்று. இத்துணைப் பேரண்டங்களும் இறைவன் பெருமைக்கு முன் வீட்டினுட் புகும் வெயிற்கதிரில் மிதக்குந் துகளாய்ச் சிறுத்துப்போதலைக் காட்டுதலே அதன் நோக்கம். சிவாகமங்கள் கூறும் புவனங்கள் 224. நிவிர்த்தி கலையில் 108, பிரதிட்டையில் 56, வித்தையில் 27, சாந்தியில் 18, சாந்தியதீதையில் 15 என அவை தத்துவங்களோடு பொருந்த வகுக்கப்பட்டன. ஆன்மாக்கள் தத்தம் வினைக்கும் பக்குவத்துக்கும் ஏற்ற தனுவோடு போகம் நுகருமிடம் புவனம். அதனைத் தொலைநோக்கி காட்டுங் கோளோடு ஒன்றாக்கி, செவ்வாய் இன்ன புவனம், வியாழன் இன்ன புவனம் எனப் பட்டியலிடுவோர் ஆகமத்துக்கும் இழுக்குச் செய்கின்றனர். வானநூலுக்கும் இழுக்குச் செய்கின்றனர். சாந்தி கலையிலுள்ள புவனத்தைத் தொலைநோக்கி எவ்வாறு காணும்?

நமது சித்தாந்தத்துக்கு இவ்வினாவால் அச்சமொன்றுமில்லை என்பது மாத்திரம் துணிந்து கூறலாம். பிற கோளில் உயிர் உளதாயின் அதுவும் பசுவே. அநாதியே பாசத்தாற் பிணிப்புண்டதே. பதியின் அருளுக்கு உரியதே. நால்வகைத் தோற்றம், எழுவகைப் பிறப்பு என்பன நாமறிந்த தனுக்களின் வகை. உயிர் இலதாயினும் முப்பொருளுண்மைக்குக் குறைவு நேராது. மேனாட்டிலே பலவுலகக் கொள்கை பெருங் கலக்கம் விளைத்தது. 1600இல் உரோமையில் எரிக்கப்பட்ட புறூணோவின்மேற் சாட்டிய குற்றங்களுள் அதுவும் ஒன்று. 1853இல் கேம்பிரிட்ஜ் திரித்துவக் கல்லூரித் தலைவர் ஹியூவெல், பிற கோள்களில் அறிவுடைய உயிர்கள் உளவென்பதனை மறுத்து ஒரு நூலே எழுதினார். தேவகுமாரன் ஒருமுறை இப்பூமியிற் பிறந்து மரித்தமை பிறவுலகத்தாரையும் மீட்குமோ என்பது அவர்க்குரிய இடர். இதனைக் கூறி நகுதல் நமக்குத் தகாது. யான் பயின்ற பாடசாலையிற் பாதிரியார் ஒருவரிடம் பன்னிரண்டு வயதில் இவ்வினாவைக் கேட்டேன். “தெரியாது தம்பி, ஆண்டவர் எனக்குச் சொல்லேல்லை” என்றார். விடை தெரியாத குரு என்று அன்று மனத்துள் இகழ்ந்தேன். காலைக்கூட்டத்தில் யான் முழங்கிய விடையினும் அவர் விடை எத்துணையோ மேலானது.

இனி, வினாவை அளவையில் நிறுத்துவோம். பிற கோளுயிரைக் கண்டார் இலர். ஆதலின் காண்டலளவை ஈண்டுச் செல்லாது. உரையளவை காண்டற்கும் கருதற்கும் எட்டாதவற்றை உணர்த்த எழுந்தது. எஞ்சியது கருதலளவை. மலையிற் புகை கண்டு தீயுண்டெனத் துணிவோன், புகையும் தீயும் உடனிருத்தலை முன்னரே அட்டிற்சாலையிற் கண்டிருத்தல் வேண்டும். தீயில்லாத நீர்மடுவிற் புகையில்லாமையையும் கண்டிருத்தல் வேண்டும். முன்னையது சபக்கம், பின்னையது விபக்கம். பிற கோளுயிர் பற்றிய வழக்கில் நமக்குள்ள சபக்கம் இப்பூமி யொன்றே. பல அட்டிற்சாலை கண்டு பெற்ற விதி நம்மிடம் இல்லை. ஓரட்டிற்சாலை உண்டு, அதனுள்ளேயே பிறந்து அதனுள்ளேயே இருக்கின்றோம்.

விண்மீன்கள் எண்ணிறந்தன, ஆதலின் எங்கேனும் உயிர் இருந்தே தீரும் என்பர் பலர். விண்மீன்கள் எண்ணிறந்தன என்பதில் ஐயமில்லை. நமது பால்வீதியில் மாத்திரம் பதினாயிரங் கோடிக்கு மேல் உள்ளன. சூரியனை யொத்த பிறிதொரு விண்மீனைச் சுற்றுங் கோள் 1995இல் முதலிற் கண்டறியப்பட்டது. 2025 செப்டெம்பரில் அங்ஙனங் கண்டறிந்த புறக்கோள்களின் தொகை 6000ஐக் கடந்தது. ஆயினும் இவ்வாதம் பெருக்கற்கணக்கில் ஒரெண்ணை மாத்திரம் அறிந்து விடை கூறுவது போலும். வன்னியில் ஏக்கருக்கு இரண்டு புசல் நெல் விதைப்போம். நெல்மணிகள் எத்தனை நூறாயிரம் என எண்ணுதலால் விளைவு தெரியாது; முளைதிறன் தெரிதல் வேண்டும். அதற்காகவே கமக்காரர் நூறு மணியை ஈரச்சாக்கில் முடிந்து வைத்து எத்தனை முளைத்தன என்று பார்ப்பர். விண்வெளி என்னும் விதைச்சாக்கில் நாம் அவிழ்த்துப் பார்த்த மணி ஒன்றே, அது முளைத்திருக்கின்றது. நூற்றுக்கு எத்தனை முளைக்கும் என்று அதைக்கொண்டு கூறுதல் எங்ஙனம்? 1961இல் டிரேக் என்பார் வகுத்த சமன்பாடும் இவ்விடர்ப்பாட்டையே ஒழுங்காக எழுதிக் காட்டுகின்றது. அதிலுள்ள காரணிகளில் விண்மீன் பற்றியன அளக்கப்பட்டன. உயிர் தோன்றும் வீதம் எழுதுவோர் கருத்துக்கு ஏற்ப மாறும்.

பூமி தோன்றி ஏறத்தாழ 454 கோடி ஆண்டு. உயிர்ச்சுவடு ஏறத்தாழ 350 கோடி ஆண்டுப் பழமையான பாறைகளிலேயே உண்டு. இத்துணை விரைவில் தோன்றியதாயின் உயிர் எளிதிற் றோன்றுவதே என்பது வேறொரு வாதம். இது முன்னையதினும் வலிது. ஆயினும் முற்றும் வலிதன்று. ஓரணுவுயிரினின்றும் வினாக் கேட்கும் மானுடன்வரை வர நெடுங்காலம் வேண்டும். ஆதலின் வினாக் கேட்போர் எங்கு இருப்பினும், அங்கு உயிர் முந்தித் தோன்றியிருத்தல் வேண்டும். தாமதித்துத் தோன்றிய இடங்களில் இவ்வினாவைக் கேட்க எவருமில்லை.

இல்லையென்பார் வாதமும் இங்ஙனமே தளரும். உளராயின் எங்கே எல்லாரும் என்று 1950இல் பெர்மி என்னும் பௌதிகர் வினவினார். அநுபலத்தி ஏதுவுக்கு ஒரு வரம்புண்டு: இருப்பிற் காணப்படற்பாலது காணப்படாதாயின் இல்லையென்க. மேசைமேற் குடமில்லை என்பது செல்லும். மேசைமேற் கிருமியில்லை என்பது வெறுங்கண்ணாற் பார்த்தார்க்குச் செல்லாது. நம் கருவிகள் தூரத்துக் கோள்களை இன்னும் வெறுங்கண்ணாற் பார்த்த நிலையிலேயே உள்ளன.

இங்ஙனம் இரு திறத்தும் ஐயமே யாயினும், ஆராய்ச்சி ஓரிடத்தில் நின்றுவிடவில்லை. காலியில் 1923இற் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பின் இரசாயனவியலிற் புகுந்த சிறில் பொன்னம்பெருமா என்பாரை நம் மாணாக்கர் அறிதல் நன்று. 1969இல் அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் என்னுமிடத்தில் விண்கல் வீழ்ந்தது. அவரும் உடனாய்வாளரும் அதில் அமினோ அமிலங்களைக் கண்டு 1970இல் வெளியிட்டனர். அக்கல்லைத் தொட்டவர் கையினின்றே அவை ஒட்டியிருக்கலாகாதோ என்னும் வினா உடனே எழுமன்றோ? அதற்கு விடையை அவர்கள் முன்னரே தேடிக்கொண்டனர். பூமியின் உயிர்கள் ஆளும் அமினோ அமிலங்கள் ஏறத்தாழ முழுதும் இடக்கை வடிவின. அக்கல்லிலோ இடக்கை வடிவும் வலக்கை வடிவும் ஒப்ப இருந்தன. ஆகவே அவை பூமியிலிருந்து ஒட்டினவல்ல என்பது பெறப்பட்டது. தடைவிடையைத் தாமே எழுப்பித் தாமே விடுத்தல் நம் உரையாசிரியர் மரபு. பொலநறுவைக் கல்லின் வழக்கில் இல்லாது போனது அதுவே. 2023 செப்டெம்பரில் பென்னு என்னும் சிறுகோளிலிருந்து கொண்டுவரப்பட்ட மண்ணிலும், உயிர்கள் புரதமமைக்க ஆளும் இருபது அமினோ அமிலங்களுட் பதினான்கு இருந்தன என 2025 சனவரியில் அறிவிக்கப்பட்டது. செங்கல் எங்கும் கிடக்கின்றது என்பது இதனால் விளங்கும். வீடு உண்டென்பது விளங்காது.

செவ்வாயின் கதை வன்னியார்க்கு எளிதில் விளங்கும். ஆவணியில் நம் குளங்களுட் பல வற்றி, தரை பாளம் பாளமாய் வெடித்துக் கிடக்கும். அவ்வேளை வேற்றூரான் ஒருவன் வந்து பார்ப்பின், இங்கே உயிரென்பது என்றுமில்லை என்பான். ஐப்பசி மழை விழுந்த சில இரவுகளுள் தவளைக் குரலால் ஊர் உறங்காது. செவ்வாயில் ஜெசரோ என்னும் வட்டப்பள்ளம் 350 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆறு வந்து வீழ்ந்த ஏரி. 2021 பெப்ரவரி 18இல் அங்கிறங்கிய அமெரிக்க ஊர்தி 2024இல் ஒரு பாறையைத் துளைத்து மாதிரி எடுத்தது. சிறுத்தைப்புள்ளி போன்ற அடையாளங்களும், பூமியிற் பெரும்பாலும் நுண்ணுயிர்த் தொழிலோடு சேர்த்துக் காணப்படும் இரும்புக் கனியங்களும் அதில் உள்ளன என 2025 செப்டெம்பரில் வெளியிட்டனர். உயிரின்றியும் அவை உண்டாதல் கூடும் என்பதையும் அக்கட்டுரையிலேயே சேர்த்து எழுதினர். நம் குளத்தில் மாரியில் உயிர் இருந்ததை நாம் கண்டோம்; செவ்வாய்க் குளத்தின் மாரியைக் கண்டார் எவருமிலர். உவமை இவ்வளவோடு நிற்க.

சித்திரை மாதத்து முன்னிரவில் சிங்கராசி தலைமேல் நிற்கும். அத்திசையில் வெறுங்கண்ணுக்குப் புலப்படாத ஒரு செங்குறுமீன் உண்டு. அதைச் சுற்றுங் கோள் கே2-18பி எனப்படும். தூரம் ஏறத்தாழ 124 ஒளியாண்டு. காசி இந்து பல்கலைக்கழகத்துத் தொழினுட்பக் கழகத்திற் பயின்று கேம்பிரிட்ஜிற் பேராசிரியராயுள்ள நிக்கு மதுசூதன் அவர்களும் குழுவினரும், பூமியிற் கடற்பாசி முதலியன வெளியிடும் ஒரு வாயுவின் அறிகுறி அதன் வளிமண்டலத்தில் உண்டென 2025 ஏப்பிரலில் அறிவித்தனர். தற்செயலாய் அவ்வறிகுறி தோன்றுதற்கு ஆயிரத்தில் மூன்று பங்கு இடமுண்டென்பதும் அவர் கூறியதே. அதே தரவை வேறு முறையில் ஆய்ந்தோர் அறிகுறியே தெளிவாயில்லை என்றனர். இது நம் நூலார் கூறும் ஐயக்காட்சி. குற்றியோ மகனோ எனத் தூரத்தே நிற்பது. பத்திரிகைகள் அன்றும் மகனென்றே அச்சிட்டன.

ஐயத்தில் நிற்போன் யாதும் செய்ய வேண்டுவதில்லை என்று கொள்ளற்க. கசீனி என்னும் விண்கலம் பதின்மூன்று ஆண்டு சனியைச் சுற்றியது. எரிபொருள் தீருங்காலத்து அதனை வாளா விட்டிருப்பின், என்செலடஸ் என்னும் சனியின் துணைக்கோளில் அது என்றேனும் மோதக்கூடும். அத்துணைக்கோளின் பனிப்பாறைக்குக் கீழ்க் கடலுண்டு. அக்கடலில் உயிருண்டோ என்பது தெரியாது. கலத்தில் ஒட்டிச்சென்ற பூமியின் கிருமி அங்குள்ள உயிருக்குக் கேடு சூழலாம். ஆதலின் 2017 செப்டெம்பர் 15இல் அக்கலத்தைச் சனிக்குள்ளேயே செலுத்தி எரியவிட்டனர். பிற கோள்களைக் கேடுற மாசுபடுத்தலாகாது என 1967ஆம் ஆண்டு விண்வெளி உடன்படிக்கையும் விதிக்கின்றது. உண்டென்று துணியப்படாத உயிரின் பொருட்டு இத்துணை அஞ்சியொழுகியதை, சீவகாருணியம் கற்பிக்கும் யாம் கண்டு நாணவும் மகிழவும் இடமுண்டு.

மீள்குடியேறிய நாட்களில் நாமும் இவ்வாறே ஒழுகினோம். சிவப்புப் பலகைக்கு அப்பாலுள்ள நிலத்திற் கண்ணிவெடி உண்டோ இல்லையோ நாமறியோம். பிள்ளைகள் அறியார். இல்லையென்று துப்புரவாக்கியோர் சொல்லும்வரை உண்டென்றே கருதி, ஒற்றையடிப்பாதை விலகாது பள்ளிக்கு நடந்தோம். தெரியாது என்னும் சொல்லுக்கு எத்துணைப் பொருளுண்டு என்பதை வன்னிப் பிள்ளைக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டுவதில்லை.

அம்மாணவி வினாவிய மறுவாரம், அதே காலைப் பிரார்த்தனையில் எழுந்து, சென்ற கிழமை யான் கூறியது பிழை என்றேன். கல்லுக்கும் திருவாசகத்துக்கும் யான் கட்டிய முடிச்சை யானே அவிழ்த்தேன். உடனாசிரியர் ஒருவர், “பிள்ளையளுக்கு முன்னால இதெல்லாம் ஏன் மாஸ்ரர்” என்று கடிந்தார். அவர் கடிந்ததிலும் நியாயமுண்டு. ஆசிரியன் சொல் இருமுறை மாறின் மூன்றாமுறை யார் கேட்பர்? ஆயினும் அன்று பின்னேரம் அப்பிள்ளை மீண்டும் வந்தாள். “அப்ப, உண்டோ இல்லையோ சேர்?” என்றாள். “தெரியாது பிள்ளை” என்றேன். கொப்பியைத் திறந்து, வினாவை எழுதி, அதன்கீழ்த் தெரியாது என்று எழுதிக் கோடிட்டாள். பின் நிமிர்ந்து, “சோதினையில இப்பிடி எழுதலாமோ?” என்று கேட்டாள். அதற்கு யான் இன்னும் விடை கூறிற்றிலேன்.